சண்டைப் பலகாரம்

மதினி சத்தம் போட்டால் தறிச் சத்தம் கேட்காது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் சட்டென்று நின்றபோது, அவர் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தது தெருமுனை சோடாக் கடைவரை கேட்டதற்கு நானே சாட்சி. வீட்டை ஒட்டித் தறிக் கொட்டகை. காலையில் தொடங்கினால் பொழுது சாய்கிறவரை தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை அப்படி ஆகிப்போயிருந்தது. “உப்பு இருக்கா?” என்று கேட்டால்கூட யாரையோ திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குச் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி, நாங்கள் அவர்கள் வீட்டு மாடிக்குக் குடி போனோம். நான் திருச்சிப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரரைத் தெருவே அண்ணாச்சி என்று கூப்பிட்டது. அதனால் அவர் மனைவி எல்லோருக்கும் மதினி. பெயர் சொல்லி அவரை யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. குட்டையான, ஒடிசலான உடம்பு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. சேலை முந்தானையை எப்போதும் இடுப்பில் இழுத்துச் செருகியிருப்பார். கையில் பூண்டு வாசம் போகவே போகாது.

குடிவந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது. நான் மாடியில் துவைத்துப் போட்ட சேலையிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே சாயம் முக்கிக் காயப்போட்டிருந்த நூலில் விழுந்துவிட்டது. அவர் முற்றத்தில் நின்று மேலே பார்த்துப் பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. வேறு வீடு பார்க்கலாம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு வெண்கலக் கிண்ணம், மேலே மூடிய தட்டு.

“உளுந்தங்களிம்மா. குடுக்கச் சொன்னா” என்று நீட்டிவிட்டு, நான் ஏதாவது கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். திறந்தால் சூடாகக் களி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றியிருந்தது. ஒன்றும் விளங்காமல் எதிர்வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஒனக்கும் வந்துட்டா சண்டைப் பலகாரம்? சாப்பிடு. கிண்ணத்த மட்டும் வெறுமன அனுப்பிராத. ரெண்டு பழத்தையாவது போட்டுக் குடு. சமாதானம் ஆயிட்டுன்னு அர்த்தம்.”

அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மதினிக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. தான் செய்தது அதிகப்படி என்று அவருக்கு எப்படியும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். தெரிந்ததும் அடுப்படிக்குள் போய்விடுவார். சின்னச் சண்டை என்றால் சுண்டலோடு போய்விடும். பெரிதென்றால் உளுந்தங்களி, சுசியம், சமயத்தில் எலும்புக் குழம்பு. சுமந்துகொண்டு போவது அண்ணாச்சி. அவர் மூடிய பாத்திரத்தோடு தெருவில் நடந்தால், “இன்னைக்கு யாருகிட்ட அண்ணாச்சி?” என்று சோடாக் கடைக்காரர் கேட்பார். அண்ணாச்சி பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போவார். பால்காரருக்கு ஒருமுறை சைக்கிளை நிறுத்திவைத்துத் தெருவிலேயே சுசியம் தின்னக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். காலையில்தான் அவருடைய பாலைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றியிருந்தார் மதினி.

எல்லா இடத்திலும் இது பலித்துவிடவில்லை. அதை அவரே ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னார். கரிவலம்வந்தநல்லூரில் வாக்கப்பட்டிருந்த தங்கையோடு ஒரு கல்யாண வீட்டில் பேச்சு முற்றி, தங்கை மகளைப் பற்றி நாலுபேர் முன்னால் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். பிறகு வழக்கம்போல அண்ணாச்சியை பஸ்ஸில் ஏற்றிப் பலகாரம் அனுப்பினார். போன தூக்குச்சட்டி மூடி திறக்காமலே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் வந்தது.

“நேர்ல போயிருக்கலாமே மதினி?”

“போய் என்னட்டி சொல்ல?”

“தப்பா பேசிட்டேன்னு.”

அவர் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார். “மஞ்சக்காமாலைல தங்கச்சி போயிட்டா. அன்னைக்குத்தான் போனேன். மொகத்தப் பாத்தேன்” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே மகன், சங்கரன். பம்பாயில் ஒரு மில்லில் வேலை. ஒருநாள் தெருவில் இருந்த நூல் கடைக்கு போன் வந்தது. மதினி போய்ப் பேசினார். தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் முடித்துவிட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். மங்களூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், பெயர் லீனா, பிறந்து வளர்ந்தது எல்லாம் பம்பாய். மதினியை வேகவைத்தது பெண்ணின் சாதியோ மதமோ அல்ல என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “கேக்கலியே. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். போனில் அவர் சொன்னது அதைவிடப் பெரிய வார்த்தை. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று கத்தியதைக் கடையில் நூல் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

சாயங்காலம் அடுப்படிக்குள் போனார். வெளியே வரவேயில்லை. பம்பாய்க்கு எப்படிச் சுடச்சுடக் களி அனுப்ப முடியும்?

நாலைந்து மாதம் அந்த வீட்டில் சண்டையே இல்லை. அது எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. பிறகு பக்கத்துத் திருவேங்கடம் ஊரிலிருந்து ஒருவர் பம்பாய் போகிறார் என்று கேள்விப்பட்டதும் மதினி நாள்பட்டாலும் கெடாத முந்திரிக்கொத்து செய்தார். பெரிய பிஸ்கட் டின் நிறைய அடைத்து, துணி சுற்றித் தைத்து, அண்ணாச்சி கையில் கொடுத்தார். ஒரு துண்டுச் சீட்டுகூட உள்ளே வைக்கவில்லை.

சங்கரன் அம்மாவின் பிள்ளை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

லீனா நல்ல உயரம். குட்டை முடி. சேலை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு, கால் தடுக்காமல் நடப்பதே பெரிய வேலையாக நடந்தாள். சங்கரனிடம் கற்றுக்கொண்ட தமிழ் கொஞ்சம் இருந்தது. மதினி எது சொன்னாலும் “சரி அம்மா” என்பாள். எது வைத்தாலும் “நல்லா இருக்கு அம்மா” என்பாள். இலையில் இரண்டு வாய் போகும். அப்புறம் சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மதினி மாடிக்கு வந்து என்னிடம் முறையிட்டார்.

“அந்தப் புள்ள என்ன சொன்னாலும் சரிங்கா. காலைல வேணும்னே ரசத்துல உப்பே போடாம வச்சேன். அதையும் நல்லா இருக்குங்கா. நான் இவள என்ன செய்யட்டும், சொல்லு?”

“சண்டை போடாம இருந்தா நல்லதுதானே மதினி?”

“என்னத்த நல்லது? விருந்தாளிகூடத்தான் சண்ட போட மாட்டாவ.”

அன்றைக்குச் சாயங்காலம் நானும் முற்றத்தில் இருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. மதினி மகனைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, அவ ஊர்ல ஆசையா என்னத்தலே திம்பா?”

“பீட்சாம்மா.”

“பிச்சையா? எம் மருமவ என்னத்துக்குலே பிச்ச எடுத்துத் திங்கணும்?”

சங்கரன் அவர் காதருகில் வந்து கத்தி விளக்கினான். மைதா மாவைப் புளிக்கவைத்து, ரொட்டி மாதிரி வட்டமாகத் தட்டி, மேலே தக்காளி தடவி, சீஸ் போட்டு வேகவைப்பார்கள். கீரை மாதிரி ஏதாவது இலையும் போடுவார்கள். “பொறவு கறுப்பா, குட்டியா, உருண்டையா ஒரு காய் வப்பாவம்மா. லேசா கசக்கும், உப்பா இருக்கும். ஆலிவ்னு பேரு. அதெல்லாம் இங்கன கெடைக்காது.”

“கறுப்பா, குட்டியா, லேசா கசக்கும்” என்று மதினி விரலை மடக்கினார். “மணத்தக்காளில்லா அது? தறி ஷெட்டுக்குப் பின்னால முளைச்சுக் கெடக்கத, பம்பாய்ல போய்த் துட்டு குடுத்தா திங்கிய?”

மறுநாள் தபசுத் திருவிழாவுக்காகத் தறிக்கு விடுமுறை. கொட்டகை ஓய்ந்து கிடந்தது. தறிக் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரத்தில் மணத்தக்காளி காடாக வளர்ந்திருக்கும். மதினியும் நானும் காலையிலேயே போய்ப் பறித்தோம். கன்னங்கரேலென்று பழுத்தது ஒரு கிண்ணம். இளம் இலை ஒரு முறம். பழம் இனிக்கும் என்பதால், கசப்புக்காகப் பச்சைக் காயும் ஒரு கை போட்டு, உப்பு நீரில் ஊறவைத்தார். வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று நான் சொன்னேன். “அவளுக்குப் பேசாமலே வாய் புண்ணாயிருக்கும்” என்றார்.

சீஸுக்குப் பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து திரிய வைத்து, துணியில் கட்டி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் வேண்டும், பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கேட்கலாம் என்றேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேக்கரிக்காரரோடு பழைய பன் விஷயமாக ஒரு சண்டை, பலகாரம் இன்னும் அனுப்பவில்லை. ஆகையால் ஈஸ்டும் இல்லை, பேக்கரி அடுப்பும் இல்லை. புளித்த இட்லி மாவையும் ஆப்பசோடாவையும் போட்டு மைதாவைப் பிசைந்தார். ஒரு பழைய உருளியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் தட்டை இறக்கி, மேலே மூடி போட்டு, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலை அள்ளி வைத்தார். மாடியில் நான் கேக் சுடுவது அப்படித்தான். அது அவருக்குத் தெரியும்.

முதல் வட்டம் அடியில் கரி, மேலே கூழ். அதை எடுத்து மூலையில் வைத்துவிட்டு இரண்டாவதைப் போட்டார். தணலைக் குறைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து மூக்குத்திக்குப் பக்கத்தில் கரி அப்பியிருந்தது. இத்தனை பாடுபட்டு அவர் எதையும் சமைத்து நான் பார்த்ததில்லை. அது எந்தச் சண்டைக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாயால் பேசிக்கொள்ளவில்லை.

மத்தியானம் எல்லோரையும் உட்காரவைத்தார். அண்ணாச்சி, சங்கரன், லீனா, நானும் என் கணவரும். தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சிவப்பில் பச்சைக் கீரை, மேலே வெள்ளை வெள்ளையாக உதிர்ந்த பால்கட்டி, நடுநடுவே மின்னுகிற கறுப்பு மணிகள். லீனா அதைப் பார்த்ததும் வாயைத் திறந்தவள் மூடவில்லை. சங்கரனைப் பார்த்தாள். அவன் கீழே குனிந்துகொண்டான்.

அரிவாள்மணையில் நறுக்கிய முதல் துண்டு லீனாவுக்கு. கடித்தாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

“நல்லா இருக்கு அம்மா.”

மதினி தானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் அவர் குரல் எழும்பியது.

“இது நல்லாவா இருக்கு? ஏட்டி, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு! இது நல்லாவா இருக்கு?”

தறி ஓடாத வீட்டில் அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. லீனாவின் கண் நிறைந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் துண்டைத் தட்டில் வைத்தாள்.

“இல்ல. நல்லா இல்ல” என்றாள். “மாவு வேகல. தக்காளி பச்சையா இருக்கு. புளிக்குது. இந்தக் கறுப்பு மட்டும்தான் நல்லா இருக்கு.”

“வேகலியா? வெந்திருக்கு, பாரு!”

“வேகல அம்மா. நடுவுல பாருங்க.” விரலால் குத்திக் காட்டினாள். “முதல்ல ரொட்டியத் தனியா சுடணும். தக்காளிய வதக்கணும், பூண்டு போட்டு. நான் காட்டறேன்.”

“நீ எனக்குக் காட்டுதியா?”

“ஆமா!”

எழுந்து சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே மதினி போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். லீனா மாவைத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினாள். மதினி கீரையைப் பூண்டும் மிளகாய் வற்றலும் போட்டு வதக்கத்தான் வேண்டும் என்றார். அவள் பச்சையாகத்தான் வைக்க வேண்டும் என்றாள். பச்சைக் கீரையை ஆடுதான் தின்னும் என்றார் இவர். அவளுக்குத் தமிழ் போதாமல் இந்தியில் பதில் சொன்னாள். மதினிக்கு அது புரியாததால் இன்னும் கோபம் வந்தது.

அண்ணாச்சி என் கணவர் பக்கம் சாய்ந்தார். மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

“இனிமே பயமில்ல தம்பி. சண்ட ஆரம்பிச்சுட்டு.”

மூன்றாவது பீட்சா வந்தது. கீரை வதக்கித்தான் இருந்தது, தக்காளியும் வதங்கியிருந்தது. ரொட்டி ஓரத்தில் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருந்தது. பால்கட்டி உருகவில்லை, ஆனால் அங்கங்கே சிவந்திருந்தது. மணத்தக்காளிப் பழம் சூட்டில் வெடித்து, அதன் நீலச்சாறு வெள்ளையில் இறங்கியிருந்தது. நாக்கில் முதலில் உறைப்பும் புளிப்பும் வந்து, அந்தப் பழம் கடிபட்டதும் லேசான இனிப்பும் கசப்பும். நாங்கள் எல்லோரும் பேசாமல் தின்றோம். லீனா மட்டும் தின்னவில்லை. மதினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளேன்.”

“போன்ல இவரை வராதேன்னு சொன்னீங்க. அப்புறம் டின் அனுப்புனீங்க. டின்னைத் திறந்து பாத்து இவர் அழுதார். அம்மா கூப்பிடறாங்கன்னு சொன்னார். எனக்குப் புரியல. டின்ல ஸ்வீட் இருக்கு. வான்னு எங்க இருக்கு? வந்த நாள்லேர்ந்து எனக்குப் பயம். சாப்பாடு இறங்கல.”

“லீனா, விடு” என்றான் சங்கரன்.

“நீங்க சும்மா இருங்க. அம்மா சொல்லட்டும். எனக்கு இந்தப் பலகாரப் பேச்சு தெரியாது. வாயால சொன்னாத்தான் தெரியும்.”

அந்தத் தெருவில் மதினியிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எங்களுக்குக் கேட்கத் தோன்றியதும் இல்லை. மதினி கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அதான் வந்துட்டியே. பொறவென்ன?”

லீனா தலையை ஆட்டினாள். அது போதாது என்று.

மதினி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். எதுவானாலும் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகியவர் அவர்தானே. அண்ணாச்சி கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, “என்னையப் பாக்காத. இத நான் கொண்டுபோக முடியாது” என்றார்.

தெருவில் திருவிழாக் கூட்டம் போகிற சத்தம் கேட்டது. பிறகு மதினி பேசினார். கீரை ஆய்ந்த அன்று கேட்ட அதே சின்னக் குரல்.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு மக்கா. கோவத்துல சொல்லிட்டேன். ரெண்டு பேரும் வாங்க. எப்பவும் வாங்க.”

சொல்லிவிட்டு மகனையும் ஒருதரம் பார்த்தார். சங்கரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். லீனா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதற்கு அவள் கை நீளும்போது மதினிக்குப் பழைய தொண்டை திரும்பிவிட்டது.

“கீரைய ஓரத்துல ஒதுக்காத! எல்லாத்தையும் சேத்துத் தின்னு!”

“ஒதுக்கல அம்மா! கீழ விழுந்தது!”

அதற்குப் பிறகும் மதினி தெருவில் எல்லோரோடும் சண்டை போட்டார், பலகாரமும் அனுப்பினார். யாரிடமும் வாயால் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. பேக்கரிக்காரருக்கு மட்டும் அந்த வாரமே சுசியம் போய்விட்டது, லீனாவுக்கு ஈஸ்ட் தேவைப்பட்டதால். ஒவ்வொரு ஆடிக்கும் அவர்கள் வந்தார்கள். மாமியாரும் மருமகளும் அடுப்படியில் போடும் சத்தத்தில் எங்கள் மாடி அதிரும். நாங்கள் மாற்றலாகிப் போகிறவரை அது நிற்கவில்லை.

முதல் வருஷம், அந்தப் பீட்சாவுக்கு மறுநாள் காலையில், மதினியும் லீனாவும் நானும் சன்னதித் தெருவுக்குப் போனோம். வளையல் கடையில் கூட்டம் நெருக்கியது. லீனாவுக்கு வளையல் அளவு பார்த்த கடைக்காரம்மா நிமிர்ந்து, “யாரு மதினி இது, புதுசா இருக்கு?” என்று கேட்டார். லீனா வளையல் சின்னதாக இருக்கிறது, கை வலிக்கிறது, வேறு எடு என்று கடைக்காரம்மாவிடம் சண்டைக்கு நின்றுகொண்டிருந்தாள். மதினி அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, தெருக்கோடிவரை கேட்கிற குரலில் சொன்னார்.

“எம் மருமவ. பம்பாய்க்காரி. வாய் கொஞ்சம் சாஸ்தி.”